ரோமில் எட்டு நாள்: ஒரே ஊரை ஆற அமரப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை ஐரோப்பா போனபோது ஒன்பது நாளில் ஐந்து ஊர் பார்த்தோம். தினமும் காலை ஆறரைக்குப் பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஏழரைக்கு பஸ். ஒரு தேவாலயத்துக்கு நாற்பது நிமிடம், ஒரு சதுக்கத்துக்கு இருபது நிமிடம். ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோபுரத்தின் மேல் விரலை வைத்து, "இது எந்த ஊருடா?" என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி ரொம்ப நாள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

நான்கு வருடம் கழித்து அம்மாவை மறுபடி கூட்டிப்போனேன். இந்த முறை ஒரே ஊர். ரோம், எட்டு நாள். இன்றைக்கும் அம்மாவிடம் எந்தப் படத்தைக் காட்டினாலும் அது எந்தத் தெரு, அன்றைக்கு மழை பெய்ததா, அங்கே என்ன சாப்பிட்டோம் என்பது வரை சொல்வார். அப்படிப் போக நினைப்பவர்களுக்காக, விசா முதல் திரும்பி விமானம் ஏறும் வரை, நாங்கள் செய்ததையும் கற்றுக்கொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஊரைக் குறையுங்கள், மாதத்தைப் பாருங்கள்

பழைய ஐரோப்பிய நகரங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும் ரோமுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கவில்லை. ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நிற்கிறது. இன்று நாம் நடக்கும் தெருவுக்குப் பல மீட்டர் கீழே பழைய தெரு கிடக்கிறது. மேலே இருப்பதைப் படம் எடுக்க அரை நாள் போதும். கீழே இறங்கிப் பார்க்கத்தான் நாள் வேண்டும். அதனால் பத்து நாள் விடுப்பு கிடைத்தால் அதை மூன்று நாட்டுக்குப் பங்கு போடாதீர்கள். ஒரே ஊருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஊர் மாற்றத்துக்கும் பெட்டி கட்ட, ரயிலைப் பிடிக்க, புது அறையைத் தேட என்று முக்கால் நாள் கரைந்துவிடும்.

ஏப்ரல், மே, அக்டோபர் மூன்றும் நல்ல மாதங்கள். நாங்கள் போனது அக்டோபர் இரண்டாம் வாரம். பகலில் இதமான வெயில், இரவில் ஒரு ஸ்வெட்டர், இடையில் இரண்டு நாள் மழை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் நம்ம ஊர் மாதிரியே அடிக்கும், பழைய ரோமின் நடுச்சதுக்கமாக இருந்து இன்று இடிபாடாகக் கிடக்கும் ஃபோரத்தில் ஒதுங்க நிழலும் கிடையாது. அதோடு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊர்க்காரர்களே கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஈஸ்டர் வாரத்தில் வாட்டிகன் பக்கம் தலை தெரியாத கூட்டம்.

இரண்டாம் படி: விசா, அதைவிட முக்கியமாகப் பெயர்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஷெங்கன் விசா ஒன்றுதான். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரோம் மட்டும் என்றால் இத்தாலி, குழப்பமே இல்லை. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நேர்காணல் நாள் கிடைப்பதே பாடாக இருக்கும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இனி பெயர். தமிழர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயரோ கணவர் பெயரோ அதில் உட்கார்ந்திருக்கும். ரோமின் பெரிய இடங்களில் டிக்கெட் பெயர் போட்டுத்தான் கொடுக்கிறார்கள், வாசலில் அடையாளச் சான்றோடு ஒப்பிடுகிறார்கள். நான் அம்மாவின் பெயரை வழக்கம்போல் இனிஷியலோடு பதிவு செய்திருந்தேன். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக இருந்தது. ஒரு வாசலில் இதை விளக்கப் பத்து நிமிடம் ஆனது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, எங்கள் நுழைவு நேரம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. அம்மா முகம் வாடிவிட்டது. கடைசியில் விட்டார்கள். ஆனால் அந்தப் படபடப்பு யாருக்கும் வேண்டாம். விமானம், விடுதி, டிக்கெட், காப்பீடு என எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்து, அதே வரிசை. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் விமான டிக்கெட் போடுமுன் அந்த நிறுவனத்திடமே எப்படி நிரப்ப வேண்டும் என்று கேட்டுவிடுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள்.

மூன்றாம் படி: முன்பதிவு மூன்றுக்கு மட்டும்

எல்லாவற்றையும் முன்பதிவு செய்தால் பயணம் பரீட்சை அட்டவணை மாதிரி ஆகிவிடும். கட்டாயம் செய்ய வேண்டியவை மூன்றே.

கொலோசியம். பழைய ரோமானியர் கட்டிய பெரிய அரங்கம். டிக்கெட் சுமார் 30 நாள் முன்பு அதிகாரப்பூர்வத் தளத்தில் திறக்கும். திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். தாமதித்தால் இடைத்தரகர்களிடம் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டிவரும். நாங்கள் வாங்கிய சாதாரண டிக்கெட் 18 யூரோ. ஃபோரமும் பலத்தீன் குன்றும் அதிலேயே அடக்கம்.

வாட்டிகன் அருங்காட்சியகம். மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சாப்பலுக்குப் போகும் வழி இதுதான். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது, தவிர்த்துவிடுங்கள்.

போர்கேசே கலைக்கூடம். இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அணி என்று அளவாகத்தான் உள்ளே விடுவார்கள், பதிவு இல்லாமல் போக முடியாது. திங்கள் விடுமுறை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கொலோசியத்தின் உட்புறத்தைக்கூட விட்டுவிடலாம், இதை விடக்கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான்காம் படி: எங்கே தங்குவது

தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி அறைகள் மலிவு, மெட்ரோவின் ஏ, பி பாதைகள் அங்கே சந்திக்கின்றன. இரவில் கொஞ்சம் ஆரவாரம். நடந்து போகும் தூரத்தில் மோந்தி என்ற பகுதி இருக்கிறது. கொலோசியத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை, சின்னச் சின்னத் தெருக்கள். நாங்கள் தங்கியது அங்கேதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்ராஸ்தேவெரே அழகான இடம், ஆனால் இரவு ஒரு மணி வரை பேச்சுச் சத்தம் கேட்கும், வயதானவர்களோடு போனால் யோசிக்க வேண்டும்.

அறை பதிவு செய்யுமுன் லிப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் நான்காவது மாடிக்கும் படிதான். இருக்கும் இடங்களிலும் லிப்ட் ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். வாடகை தவிர நகர வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என விடுதியின் தரத்தைப் பொறுத்து அங்கேயே வசூலிப்பார்கள், பதிவு செய்யும்போது கட்டிய தொகையில் அது சேராது.

நம்மவர்கள் வெளியில் கேட்கத் தயங்கும் ஒரு கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் வீட்டுக் குளியலறைகளில் கழுவிக்கொள்ள பிடே எனும் தாழ்வான பீங்கான் தொட்டி இருக்க வேண்டும் என்று 1975-லேயே விதி வந்துவிட்டது. பெரும்பாலான விடுதிகளிலும் இருக்கும். அம்மாவுக்கு முதல் பயணத்தில் இருந்த பெரிய சங்கடம் இங்கே தீர்ந்தது.

ஐந்தாம் படி: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கினால் லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் தெர்மினிக்குக் கொண்டுவிடும், 14 யூரோ. இரண்டு பேருக்கு மேல் இருந்தாலோ பெட்டிகள் நிறைய இருந்தாலோ வெள்ளை நிற அதிகாரப்பூர்வ டாக்சி மேல். பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்தான். ஏறுமுன் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியே வரும்போதே "டாக்சி, டாக்சி" என்று கூடவே வருபவர்களைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

சாதாரணப் பயணிகள் ரயிலில் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்தியே ஆக வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுபவர்கள் நிறைய.

ஆறாம் படி: நடை, தண்ணீர், கைப்பை

ரோமின் தெருக்கள் சம்பியத்ரீனி எனும் கறுப்புக் கற்கள் பதித்தவை. உள்ளங்கை அளவு, கட்டி கட்டியாக, இடையிடையே பள்ளம். ஈரமானால் வழுக்கும். புது ஷூ வேண்டாம். இரண்டு மாதம் பழகிய, அடி தடித்த ஷூவைப் போடுங்கள். அம்மாவுக்கு வீட்டிலிருந்து கிளம்பும் மூன்று வாரம் முன்பே அந்த ஷூவோடு தினமும் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னேன். காப்பீட்டுக்கு அடுத்தபடி அதுதான் இந்தப் பயணத்தில் செய்த உருப்படியான ஏற்பாடு.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். ஊர் முழுக்கத் தெருமுனைகளில் இரும்பால் செய்த குட்டைத் தூண் மாதிரிக் குழாய்கள் இருக்கும், ஓயாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கு போல் இருப்பதால் 'நசோனே', பெரிய மூக்கு என்று பெயர். 1870-களில் வைக்கத் தொடங்கினார்கள், இப்போது 2,000-க்கு மேல் இருக்கின்றன. நல்ல குடிநீர், குளிர்ச்சியானது. குடிக்க ஒரு வழி உண்டு. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேல் வளைவில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் நீரூற்று மாதிரி மேலே பீய்ச்சும். அப்படியே வாயை வைக்காமல் அண்ணாந்து குடிக்கலாம். ஒரு பள்ளிக்கூடப் பையன் குடிப்பதைப் பார்த்து அம்மா கற்றுக்கொண்டார். "சொம்பைத் தூக்கிக் குடிக்கிற மாதிரிதானே" என்று அடுத்த ஒவ்வொரு குழாயிலும் நின்று குடித்துவிட்டுத்தான் வந்தார்.

மெட்ரோவிலும் பஸ்ஸிலும் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடத்துக்குச் செல்லும். மெட்ரோவில் ஒரு முறைதான் நுழையலாம். கார்டைத் தொட்டும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டை இருவருக்குத் தேய்க்காதீர்கள்.

ஜேப்படி உண்மையான தொல்லை. தெர்மினி நிலையம், மெட்ரோ ஏ பாதை, தெர்மினியிலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் மூன்றும் பேர் போனவை. கதவு மூடும் நேரத்தில் திடீரென்று நெருக்கினால் சுதாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை உடையின் உட்பையில் வையுங்கள், கைப்பையை முன்பக்கம் போடுங்கள். கையில் கயிறு கட்ட வருபவர்கள், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர்கள் யாரிடமும் நிற்க வேண்டாம். எந்த அவசரத்துக்கும் எண் 112. ஸ்பானிஷ் படிகள் என்ற பிரபலமான பெரிய படிக்கட்டில் உட்கார 2019 முதல் தடை, காவலர்கள் விசில் ஊதி எழுப்புவார்கள், அபராதமும் உண்டு.

ஏழாம் படி: எந்த வரிசையில் பார்ப்பது

இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். முதல் நாள் கொலோசியத்துக்குப் போகாதீர்கள். சான் கிளெமெந்தே தேவாலயத்துக்குப் போங்கள். கொலோசியத்திலிருந்து பத்து நிமிட நடைதான். வெளியே பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், பீடத்துக்கு மேல் தங்க மொசைக்கில் சிலுவையிலிருந்து கொடி கிளைத்து அரைக்கோளம் முழுவதும் சுருள் சுருளாகப் படர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு படியிறங்குங்கள். கீழே 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். மேலே உள்ளதைக் கட்டும்போது இதை மண்ணால் நிரப்பிவிட்டார்கள். 1857-இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கி இதைக் கண்டுபிடித்தார். சுவரில் ஓர் ஓவியம், அதில் வேலையாட்களை எஜமான் திட்டும் வசனம் அந்தக் காலத்துப் பேச்சு வழக்கிலேயே எழுதியிருக்கிறது. லத்தீனிலிருந்து இத்தாலி மொழி பிரிந்து வந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று.

இன்னும் ஒரு படிக்கட்டு. கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டுச் செங்கல் சுவர்கள், குறுகலான சந்து, பழைய ரோமானியர் வணங்கிய மித்ராஸ் தெய்வத்துக்கான குகை போன்ற அறை, நடுவில் மித்ராஸ் காளையைக் கொல்லும் உருவம் செதுக்கிய பலிபீடம். அங்கே நிற்கும்போது எங்கிருந்தோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். சத்தத்தைப் பின்தொடர்ந்து போனால் சுவரில் ஓர் இடைவெளி, உள்ளே தெளிந்த தண்ணீர் விரைந்து ஓடுகிறது. அம்மா அதன் பக்கத்தில் நின்று, "இவ்வளவு நேரம் இதுக்கு மேலேயா நடந்துகிட்டிருந்தோம்?" என்றார். அதற்குப் பிறகு ரோமில் எதைப் பார்த்தாலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்குக் கீழே என்ன இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு ஊருக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகத்தான் முதல் நாளே இங்கே போகச் சொல்கிறேன். கீழ்த்தளங்களில் படம் எடுக்க அனுமதியில்லை, நடுப்பகலில் மூடிவிடுவார்கள், படிகள் ஈரமாக இருக்கும்.

இரண்டாம் நாள் கொலோசியமும் ஃபோரமும். காலை முதல் நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்த அரங்கம். நுழையுமுன் வடக்குப் பக்க வளைவுகளை நிமிர்ந்து பாருங்கள். ஒவ்வொரு வளைவுக்கு மேலும் ரோமன் எண் வெட்டியிருக்கிறது, 23 முதல் 54 வரை இன்னும் இருக்கின்றன. மக்கள் கையில் இருந்த சீட்டில் அந்த வாசல் எண் இருக்கும், அதைப் பார்த்து நுழைவார்கள். நான்கு என்ற எண்ணை நாம் பள்ளியில் படித்ததுபோல் ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து எழுதாமல், நான்கு கோடுகளாகவே வெட்டியிருக்கிறார்கள். சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள். கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பின்னாளில் தோண்டி எடுத்துக்கொண்டு போன அடையாளம்.

ஃபோரத்தில் எல்லாக் கல்லையும் தெரிந்துகொள்ள முயன்றால் சோர்ந்துபோவீர்கள். இரண்டு இடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். ஒன்று, பேரரசர் அந்தோனினஸ், அவர் மனைவி ஃபௌஸ்தினா இருவர் பெயரிலும் உள்ள கோயில். கி.பி. 141-இல் கட்டியது, பின்னால் தேவாலயமானது. தூண்களுக்குப் பின்னால் தேவாலயத்தின் கதவு அந்தரத்தில், எட்டாத உயரத்தில் தொங்குகிறது. அந்தக் கதவு வைத்த காலத்தில் தரைமட்டம் அங்கே இருந்தது. ஃபோரம் முழுவதும் மண்ணுக்குள் புதைந்து, மேலே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பிற்பாடு தோண்டி எடுத்தபோது தரை கீழே போய்விட, கதவு மட்டும் மேலே நின்றுவிட்டது.

இன்னொன்று மக்ஸென்ஷியஸ் பசிலிக்கா எனும் பழைய பொதுமண்டபம். மூன்று பிரமாண்டமான வளைவு மாடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எல்லோரும் அண்ணாந்து படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் அடியில்தான் மிளகுக் கிடங்கு இருந்தது. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட பேரரசர் தொமிஷியன் கட்டிய கிடங்கு அது. மிளகும் மற்ற வாசனைச் சரக்குகளும் அங்கே அடைத்துவைத்து விற்றார்கள். யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் முசிறி என்று அகநானூறு 149-ஆம் பாட்டில் வருகிறதே, கறி என்றால் மிளகு, அந்தக் கறி செங்கடல் கடந்து, எகிப்து வழியாக வந்து சேர்ந்த ஊர் இது. இந்தியா வருடந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி என்ற ரோமானியர் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக் விலகிப்போகக் கேட்ட பிணைப்பொருளில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. கொங்கு நாட்டில் நிலத்தை உழும்போது ரோமானியக் காசு கிடைத்தது என்று சின்ன வயதில் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அந்தக் காசு கிளம்பிய இடத்தில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மழை. மழை பெய்தால் பாந்தியன் எனும் பழைய ரோமானியக் கோயிலுக்கு ஓடுங்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். கம்பி இல்லாமல் காங்கிரீட்டில் கட்டிய குவிமாடங்களில் உலகில் இன்றும் இதுதான் பெரியது. விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீட்டர். அடியில் சுவர் தடிமன் 6 மீட்டருக்கு மேல், மேலே போகப் போக மெலிந்து, கலவையில் போட்ட கல்லும் எடை குறைந்து, உச்சியில் மிதக்கும் எரிமலை நுரைக்கல்லைப் போட்டிருக்கிறார்கள். நடுவில் திறந்த வட்டம். மழை அதன் வழியே உள்ளே இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தாரையாகக் கொட்டவில்லை, வெளிச்சத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாக இறங்கியது. தரை நடுவில் லேசாக மேடு, அங்கங்கே சின்ன ஓட்டைகள், தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. 2023 முதல் இதற்கும் கட்டணம் உண்டு, 5 யூரோ கொடுத்தோம்.

அங்கிருந்து மூன்று நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிராஞ்செசி தேவாலயம். ஓவியர் கரவாஜ்ஜோ 1600 வாக்கில் வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் இடப்பக்கக் கடைசி மாடத்தில். அனுமதி இலவசம். ஓவியம் இருட்டில் இருக்கும், பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சில நிமிடத்தில் அணையும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட தேவாலயங்கள் பெரும்பாலும் மதியம் மூன்று நான்கு மணி நேரம் மூடிவிடும் என்பதால் காலையிலோ மாலையிலோ திட்டமிடுங்கள்.

நான்காம் நாள் வாட்டிகன். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புடவையோடு போன அம்மாவுக்குக் கேள்வியே இல்லை. அருங்காட்சியகத்துக்குப் பதிவு நேரம் காலை எட்டரைக்குள் இருந்தால் நல்லது. சிஸ்டைன் சாப்பலில் விதானத்தை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார், பீடத்துக்குப் பின் சுவரை இருபத்து நான்கு வருடம் கழித்துத் தொடங்கினார். ஓரத்தில் பெஞ்சுகள் உண்டு, காலியாகும் வரை காத்திருந்து உட்கார்ந்து பாருங்கள், நின்றபடி அண்ணாந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். புனித பீட்டர் பேராலயம் இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் நீளம். காலை ஏழு மணிக்கே போனால் வரிசை இருக்காது. புதன்கிழமை காலைகளில் போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பதால் அன்று வேண்டாம். குவிமாடத்துக்கு 551 படி. லிப்ட் எடுத்தாலும் 320 படி பாக்கி, அதில் ஒரு பகுதி சாய்ந்த சுவருக்கு நடுவே குறுகலாகப் போகும். மூட்டுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம். அவர்களுக்குச் சதுக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. நடுத்தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையில் தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கிறார்கள். சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினி கட்டிய தூண்வரிசை நான்கு அடுக்கு, மொத்தம் 284 தூண். அந்தக் கல்லின் மேல் நின்றால் நான்கு அடுக்கும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் மறுபடி காடாகப் பிரியும்.

ஐந்தாம் நாள் காலை ஓய்வு, பிற்பகல் போர்கேசே. பெர்னினி தன் இருபதுகளில் செதுக்கிய அப்போலோ, தாஃப்னி சிலை ஒன்றுக்காகவே போகலாம். அப்போலோ தெய்வத்தின் துரத்தலிலிருந்து தப்பிக்க தாஃப்னி என்ற பெண் மரமாக மாறும் கணம். விரல் நுனியிலிருந்து இலைகள் முளைக்கின்றன, தொடையில் பட்டை ஏறுகிறது. சிலையை ஒரு பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பின்னாலிருந்து தொடங்கி மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் பெண் குறைந்து மரம் கூடிக்கொண்டே போகும்.

ஆறாம் நாள் ஓஸ்தியா அந்தீகா, ரோமின் பழைய துறைமுகம். பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ரயிலடியிலிருந்து அரை மணி நேரம், நகர டிக்கெட்டே போதும். திங்கள் விடுமுறை. கூட்டமே இருக்காது. கல் மேடை வைத்த சாப்பாட்டுக் கடை, வரிசையாகத் துளையிட்ட பொதுக் கழிப்பிடம், வணிகர் சங்கங்களின் சதுக்கத்தில் கப்பலும் கலங்கரை விளக்கமும் யானையும் உள்ள மொசைக் தரை. மூன்று நான்கு மணி நேரமாவது வேண்டும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

ஏழாம் நாள் அப்பியன் சாலை. கி.மு. 312-இல் போடத் தொடங்கிய பாதை, பெரிய கருங்கற்களில் வண்டித்தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் வண்டிகள் குறைவு. எட்டாம் நாளை எதற்கும் ஒதுக்காதீர்கள். எங்கே மனம் இழுக்கிறதோ அங்கே இன்னொரு தரம் போய்வாருங்கள். அம்மா சான் கிளெமெந்தே என்றார்.

திரேவி நீரூற்றை நாளில் சேர்க்காமல் விட்டேன். காலை ஆறரைக்கு எழுந்து போய்விட்டு வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மனிதத் தலைகள்தான் தெரியும்.

எட்டாம் படி: சாப்பாடு

அம்மா முட்டையும் சாப்பிடாத சைவம். பயப்படத் தேவையில்லை என்பதை முதலில் சொல்கிறேன். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கார்போனாரா, அமாத்ரிச்சானா எனும் பாஸ்தா வகைகள் இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. சுப்ளி எனும் சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும். கையால் அப்போது பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேரும், உலர்ந்த பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா" என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம்.

மதியத்துக்கு எடைபோட்டு விற்கும் பீட்சா கடைகள் சிறந்தவை. பெரிய தட்டில் இருப்பதில் எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரியால் வெட்டி, நிறுத்து, சூடாக்கித் தருவார்கள். உருளைக்கிழங்கு பீட்சா அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. கழிப்பறை தேவைப்பட்டால் ஒரு காபி வாங்குவதே சுலபமான வழி.

ரோமின் சொந்த உணவு காச்சோ எ பேபே. பாஸ்தாவோடு செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் மட்டும், வேறொன்றும் கிடையாது. சீஸ் உறைய வைக்க விலங்கிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பார்கள் என்பதால் கறாரான சைவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா அதைச் சாப்பிடவில்லை, ஆனால் என் தட்டைப் பக்கத்தில் இழுத்து முகர்ந்து பார்த்தார். கரகரப்பாக இடித்த மிளகு. "வெண்பொங்கல் வாசனைடா" என்றார்.

நாலாம் நாளில் நாக்கு நம் ருசியைத் தேடும். தெர்மினிக்குப் பக்கத்தில் எஸ்க்விலினோ சந்தை இருக்கிறது. பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய், பருப்பு, பாஸ்மதி எல்லாம் அங்கே கிடைக்கும். சமையலறை உள்ள அறையாக எடுத்திருந்ததால் இரண்டு இரவு ரசம் சோறு ஆயிற்று.

கடைசிப் படி: கிளம்பும் நாள்

இத்தாலியில் ரயில், பஸ் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். 'ஷோபெரோ' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, கிளம்பும் நாளுக்கு மூன்று நாள் முன்பே விடுதிக்காரரிடம் கேளுங்கள். அப்படி அமைந்தால் முந்தின இரவே டாக்சி சொல்லிவிடலாம். விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். இப்போது ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகமும் பதிவு செய்கிறார்கள், வரிசை மெதுவாக நகர்கிறது. நாங்கள் போனபோது கைப்பையில் உள்ள தண்ணீரைச் சோதனைக்கு முன்பே கொட்டிவிட வேண்டியிருந்தது. அம்மா தெருமுனை நசோனேயில் பிடித்துவந்த பாட்டிலை அங்கே ஒரு ஓரமாக நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் வரிசைக்கு வந்தார்.